‘சிஸ்டத்துல வரலைண்ணா!’ – துறைமுக வாசலில் திணறும் டிஜிட்டல் கூட்டணி

ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையில் சரக்கு ஏற்றி, கதவு பூட்டி, சீல் வைத்துக் கிளம்பும் ஒரு கன்டெய்னர், சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறுவதற்குள் எத்தனை கம்ப்யூட்டர்களில் பதிவாகிறது? எண்ணத் தொடங்கினால் ஒரு கை விரல்கள் போதாது. கம்பெனியின் கணக்கு மென்பொருளில் இன்வாய்ஸ். ஜிஎஸ்டி தளத்தில் இ-வே பில். சுங்கத்துறையின் ஐஸ்கேட்டில் ஷிப்பிங் பில். கதவில் தொங்கும் இ-சீலுக்குத் தனிப் பதிவு. கப்பல் கம்பெனியின் தளத்தில் புக்கிங். பெட்டியின் மொத்த எடைக்கு வி.ஜி.எம். சான்று, 2016 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க இது இல்லாமல் எந்தப் பெட்டியும் கப்பல் ஏறாது. டெர்மினலுக்குள் நுழைய ஃபார்ம் 13. வழியில் ஃபாஸ்டேக். துறைமுக வாயிலில் இன்னொரு சிப்.

இதில் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நிறுவனம் எழுதியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம், தனி சர்வர், தனி ‘கஸ்டமர் கேர்’. எல்லாம் ஒத்துப்போனால் வண்டி உள்ளே. எங்கேயோ ஓர் எழுத்து பிசகினால் டிரைவரின் காதில் விழுவது ஒரே வாக்கியம்தான்: “சிஸ்டத்துல வரலைண்ணா, ஓரமா போடு.”

எந்த சிஸ்டம்? யாருடையது? யாரைக் கூப்பிட்டால் சரியாகும்? ஓரமாகப் போட்ட நேரத்துக்கு வண்டி வாடகை யார் கணக்கில்? வடசென்னையின் துறைமுகத் தொழிலில் இந்த நான்கு கேள்விகளுக்கும் ஒரே காகிதத்தில் பதில் கிடைப்பதில்லை. மென்பொருள் சரியில்லை என்று சொல்வது சுலபம். மென்பொருள்கள் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கின்றன. இரண்டு மென்பொருளுக்கு நடுவே இருக்கும் இடத்துக்குத்தான் சொந்தக்காரர் இல்லை.

ஒரே கடற்கரை, நான்கு டெர்மினல்

இந்தியாவில் கன்டெய்னருக்கென்றே தனி முனையம் கட்டியதில் சென்னை முன்னோடி. அது 1983. அப்போது துறைமுகமே கட்டியது, துறைமுகமே நடத்தியது. தப்பு நடந்தால் திட்டுவதற்கு ஒரே முகவரி இருந்தது. 2001-ல் அந்த முனையம் 30 ஆண்டு ஒப்பந்தத்தில் பி அண்ட் ஓ நிறுவனத்துக்குப் போனது. 2006-ல் அந்த நிறுவனத்தையே துபாயின் டிபி வேர்ல்டு வாங்கியது. 2009-ல் இரண்டாவது முனையம் வந்தது. சிங்கப்பூரின் பிஎஸ்ஏவும் சென்னையின் சிக்காலும் சேர்ந்து எடுத்தார்கள். வடக்கே எண்ணூரில் அனல்மின் நிலக்கரிக்காக 2001-ல் தொடங்கிய துறைமுகம், 2014-ல் காமராஜர் துறைமுகமாகப் பெயர் மாறி, இன்று அதானியின் கன்டெய்னர் முனையத்தையும் வைத்திருக்கிறது. அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி. எல் அண்ட் டி கட்டியது, அதானி கைக்குப் போனது.

ராயபுரத்திலிருந்து காட்டுப்பள்ளி வரை ஒரே கடற்கரை. அதற்குள் நான்கு டெர்மினல்கள், நான்கு மென்பொருள்கள், நான்கு விதமான லாகின். நடுவே மணலி, மாதவரம், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை என்று சிதறிக் கிடக்கும் சி.எஃப்.எஸ். எனப்படும் கன்டெய்னர் சரக்கு நிலைய யார்டுகள். ராஜாஜி சாலையில் கஸ்டம் ஹவுஸ். கப்பல் கம்பெனி தன் கப்பலை இந்த வாரம் சென்னைக்கு, அடுத்த வாரம் காட்டுப்பள்ளிக்கு என்று மாற்றிக்கொள்ளலாம். அந்தச் செய்தி முதலில் மின்னஞ்சலில் கிளியரிங் ஏஜென்டுக்கு, பிறகு வாட்ஸ்அப்பில் டிரான்ஸ்போர்ட் முதலாளிக்கு, கடைசியாக செல்போனில் டிரைவருக்கு. அவர் அதற்குள் மணலியின் எம்.எஃப்.எல். சந்திப்பைத் தாண்டிவிட்டிருப்பார்.

சென்னை முனையங்களின் ஒப்பந்தங்களில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. வருவாயில் துறைமுகத்துக்குத் தர வேண்டிய பங்கு, முதல் முனையத்துக்கு 37.128 சதவீதம், இரண்டாவதற்கு 45.801 சதவீதம். மூன்று தசம இடம் வரை! பணத்தைப் பிரிப்பதில் இத்தனை துல்லியம் பார்க்கத் தெரிந்த நமக்கு, காசிமேட்டுப் பக்கத்து ஜீரோ கேட்டுக்கு வெளியே ஒரு டிரெய்லர் நிற்கும் நேரத்தைக் கணக்கில் எடுக்க மனம் வந்ததில்லை.

தார்ச் சாலையிலேயே இந்தக் கதையைப் பார்த்திருக்கிறோம். எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் 1990-களின் இறுதியில் பேச்சில் வந்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம், சென்னைத் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம், தமிழக அரசு நாலு பேரும் சேர்ந்து அதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். கரையோர மீனவக் குடும்பங்களுக்கு மாற்று வீடு, நிலம் எடுப்பு, ஒப்பந்தக்காரர் தகராறு என்று இழுத்து இழுத்து, ஒரு தலைமுறையே லாரி வரிசையில் நின்ற பிறகுதான் சாலை அகலமானது. பங்குதாரர்கள் நாலு பேர் இருந்தும், தாமதத்துக்குப் பொறுப்பாளி என்று ஒருவரைக் கைகாட்ட முடியவில்லை.

பதினோராவது எழுத்து

கூட்டுவேலை எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம் ஒவ்வொரு டிரெய்லரின் முதுகிலும் எழுதியிருக்கிறது. எண்ணூர் விரைவுச்சாலையில் போகும் எந்தக் கன்டெய்னரையும் பாருங்கள்: நான்கு ஆங்கில எழுத்து, ஆறு இலக்கம், பிறகு ஒரு சின்னக் கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம். ஐ.எஸ்.ஓ. 6346 என்ற தரத்தின்படி எழுதப்படும் எண் இது. உரிமையாளரின் எழுத்துக் குறியீடுகளை பாரிஸில் 1933-லிருந்து இயங்கும் சர்வதேச கன்டெய்னர் பணியகம் வழங்குகிறது.

கட்டத்துக்குள் இருக்கும் அந்தக் கடைசி இலக்கம் வரிசை எண் அல்ல, சரிபார்க்கும் எண். பாடங்களில் காட்டும் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம்: சி.எஸ்.கியூ.யு. 305438. எழுத்துகளுக்கு மதிப்பு உண்டு. சி என்றால் 13, எஸ் 30, கியூ 28, யு 32. முதல் இடத்தை 1-ஆல், அடுத்ததை 2-ஆல், பிறகு 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், பத்தாவது இடத்தை 512-ஆல் பெருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் 6185. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. கட்டத்துக்குள் இருக்க வேண்டியதும் 3. யார்டில் சர்வேயர் ஒரே ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினாலும் அநேகமாக இந்தக் கணக்கு உடைந்துவிடும். மென்பொருள் உடனே கத்தும்.

ஒருவரை ஒருவர் நம்பாத நூறு கம்பெனிகள், ஒருவர் கணக்கை ஒருவர் பார்க்காமலே, ஒரே பெட்டியை ஒரே பெயரில் அழைக்கிறார்கள். தொழில்நுட்ப ஒத்துழைப்பு என்றால் இதுதான். யாரும் தன் மென்பொருளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நடுவே போகும் செய்தி ஒன்றாக இருந்தால் போதும்.

அடுத்த படியில்தான் சறுக்கல். பெட்டி வாயிலைத் தாண்டியது என்று டெர்மினல் கப்பல் கம்பெனிக்கு அனுப்பும் மின் செய்திக்கு ‘கோடெகோ’ என்று பெயர். கப்பலில் ஏற்றியதற்கும் இறக்கியதற்கும் ‘கோயாரி’. ஐ.நா. வகுத்த வடிவம், உலகம் முழுக்க ஒன்றுதான். ஆனால், ‘உள்ளே வந்தது’ என்றால் எது? வண்டி வாயில் கேமராவுக்கு முன் நின்ற நிமிடமா, காவலர் பாஸைப் பார்த்து விட்ட நிமிடமா, பெட்டியை யார்டில் இறக்கி வைத்த நிமிடமா? இதை இரண்டு தரப்பும் உட்கார்ந்து எழுதிக்கொள்ளவில்லை என்றால், செய்தியின் வடிவம் சரியாக இருந்தும் கணக்கு இடிக்கும். இதுபோன்ற சின்ன விஷயங்களுக்காகவே மெர்ஸ்க், எம்.எஸ்.சி., ஹபாக் லாயிட், ஒன் ஆகிய பெரும் கப்பல் கம்பெனிகள் 2019-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சங்கம் தொடங்கின. அவர்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, எந்த நிகழ்வுக்கு என்ன பெயர், என்ன அர்த்தம் என்று ஒரு பொது அகராதி எழுதியது. 2020 ஜனவரியில் வெளியிட்டார்கள். புதுச் செயலி எழுதுவதைவிடப் பலன் தரும் வேலை அது.

ஓடிய கூட்டணியும் கவிழ்ந்த கூட்டணியும்

இந்தியாவில் அரசும் ஜப்பானின் என்.இ.சி. நிறுவனமும் சரிபாதிப் பங்கில் தொடங்கிய ‘லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க்’ 2016 ஜூலையில் மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் வேலையைத் தொடங்கியது. பிறகு சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளிக்கும் வந்தது. இதன் புத்திசாலித்தனம் எளிமையில் இருக்கிறது. பெட்டியில் ஒரு ஆர்.எஃப்.ஐ.டி. சிப்பை ஒட்டுகிறார்கள். டெர்மினல் வாசல், சுங்கச்சாவடி, சி.எஃப்.எஸ். வாசல் ஆகிய இடங்களில் கருவி அதைப் படிக்கிறது. கன்டெய்னர் எண்ணைத் தட்டினால் பெட்டி கடைசியாக எங்கே தென்பட்டது என்று யாரும் பார்க்கலாம். யாரும் தங்கள் மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை. செலவைப் பெட்டிக்கு இவ்வளவு என்று கட்டாயக் கட்டணமாக வாங்கினார்கள். ஏற்றுமதியாளர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் யார் கொடுப்பது என்ற கேள்விக்கு முதல் நாளே பதில் இருந்தது.

இதற்கு நேர்மாறானது டிரேட்லென்ஸ். மெர்ஸ்க் கப்பல் கம்பெனியும் ஐபிஎம்மும் 2018-ல் கொண்டுவந்த தளம். பிளாக்செயின் என்ற மந்திரச் சொல் உச்சத்தில் இருந்த காலம் அது. உலகத்தின் மொத்தக் கப்பல் காகிதமும் இனி இங்கேதான் என்றார்கள். தொழில்நுட்பத்தில் பெரிய குறை ஒன்றுமில்லை. எம்.எஸ்.சி., சி.எம்.ஏ. சி.ஜி.எம். போன்ற போட்டியாளர்கள்கூடச் சேர்ந்தார்கள். ஆனால், போட்டியாளர் கட்டிய வீட்டில் தன் பெட்டகத்தை வைக்க யாருக்கு முழு மனது வரும்? 2022 நவம்பரில் மூடுவிழா அறிவிப்பு வந்தது. உலகளவில் முழு ஒத்துழைப்பு கிடைக்கவில்லை, வணிகரீதியாக நிற்க முடியவில்லை என்பதுதான் அவர்களே சொன்ன காரணம். ஐபிஎம் மூளையும் மெர்ஸ்க் பணமும் சேர்ந்தும் கைகூடாமல் போனது, கூட்டாளிகளுக்குள் யார் முதலாளி என்ற சந்தேகத்தைத் தீர்க்காததால்தான்.

நம் துறைமுகத் தளங்களின் கதை இரண்டுக்கும் நடுவே. பெருந்துறைமுகங்களின் பொதுவான கணினித் தளம் 2000-களின் இறுதியில் சிங்கப்பூரின் கிரிம்சன்லாஜிக் கையால் வந்தது. 2018 டிசம்பரில் இந்தியத் துறைமுகங்கள் சங்கம், போர்ட்டால் நிறுவனத்தோடு சேர்ந்து பி.சி.எஸ். 1எக்ஸ் என்று புதிதாகத் தொடங்கியது. 2023 ஜனவரியில் அடுத்த தளமாக என்.எல்.பி. மரைன். ஒவ்வொன்றும் முந்தையதைவிட நல்லது, சந்தேகமில்லை. ஆனால், மண்ணடியிலும் ராயபுரத்திலும் நாலு பேரை வைத்து கிளியரிங் ஆபீஸ் நடத்துகிறவருக்கு ஒவ்வொரு முறையும் புது லாகின், புதுப் பயிற்சி, பழையதிலும் புதியதிலும் ஒரே விவரத்தை இரண்டு முறை தட்டும் சில மாதங்கள். தளத்தை மாற்றுகிறவர்களின் திட்டச் செலவில் அந்த மாதங்கள் இடம்பெறுவதில்லை.

முகமில்லாத அதிகாரி, முகமுள்ள கவுன்ட்டர்

2020 ஜூன் 8 அன்று சுங்கத்துறை ‘முகமில்லா மதிப்பீடு’ முறையைத் தொடங்கியபோது, நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த இடங்கள் பெங்களூரும் சென்னையும். சென்னையில் இறங்கும் இயந்திரத்தின் பில் ஆஃப் என்ட்ரியை எந்த ஊர் அதிகாரி பார்க்கிறார் என்று இறக்குமதியாளருக்குத் தெரியாது. ராஜாஜி சாலையில் ஃபைலோடு மாடி ஏறி இறங்கிய காலம் மலையேறியது, நல்ல மாற்றம்.

ஆனால், வேலையைக் கம்பி வழியாகப் பிரித்த மறு நிமிடமே ஒரு கேள்வி வரும்: சந்தேகம் வந்தால் யாரிடம் போவது? இதை ஊகித்துத்தான் ‘துரந்த் சுவிதா கேந்திரா’ என்ற உதவி மையங்களைச் சுங்கத்துறை கூடவே அமைத்தது. அசல் காகிதம் காட்ட, பத்திரம் கொடுக்க, முடிச்சு விழுந்த ஃபைலைப் பற்றிப் பேச ஓர் உள்ளூர் கவுன்ட்டர். டிஜிட்டல் திட்டம் போடுகிற எல்லோரும் இதைப் பார்த்துக் கற்கலாம். ஆளை எடுத்துவிட்டு மென்பொருளை வைக்கும்போது, மென்பொருளுக்குப் பதில் சொல்ல ஓர் ஆளை வைக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு, பெட்டி உள்ளே சேர வேண்டிய கட்-ஆஃப் நேரம் நெருங்கும்போது எடுக்கப்படும் தொலைபேசி எண் ஒன்று ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருந்தால் பாதிப் பிரச்சினை காலையை எட்டாது. இப்போது பெரும்பாலும் கிடைப்பது ஒரு டிக்கெட் எண்; உங்கள் குறை பதிவு செய்யப்பட்டது என்ற தானியங்கிப் பதில்.

கூட்டாளியின் மென்பொருள் வழியே ஆபத்து எப்படி நுழையும் என்பதற்கும் ஒரு சம்பவம் இருக்கிறது. 2017 ஜூன் 27. உக்ரைனில் வரிக் கணக்குக்குப் பயன்படும் ஒரு மென்பொருளின் அப்டேட் வழியாக ‘நாட்பெட்யா’ வைரஸ் பரவியது. மெர்ஸ்க்கின் உலகளாவிய வலைப்பின்னல் சுருண்டது. மும்பை அருகே நவ ஷேவாவில் அதன் குழுமம் நடத்திய டெர்மினலில் வேலை நின்றது. வாசலில் டிரெய்லர்கள் குவிந்தன. 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் மறுபடி நிறுவினோம் என்று அந்த நிறுவனத்தின் தலைவர் அடுத்த ஆண்டு டாவோஸில் சொன்னார். அந்தப் பத்து நாளும் காகிதமும் பேனாவும் தனிப்பட்ட வாட்ஸ்அப்பும்தான் ஓட்டின. எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒரு கணக்காளர் பயன்படுத்திய மென்பொருளுக்கு நவ ஷேவாவில் லாரிக்காரர் விலை கொடுத்தார்.

இன்று இந்தியச் சட்டம் கொஞ்சம் கண்டிப்பாகிவிட்டது. இணையத் தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. சரி, டெர்மினல் ஒருவருடையது, சர்வர் இன்னொருவருடையது, மென்பொருள் மூன்றாமவருடையது என்றால் அந்த ஆறு மணி நேரம் யாருடைய கடிகாரத்தில் ஓடுகிறது? இதை எழுதி வைக்காமல் கையெழுத்துப் போடும் கூட்டணிகள், சம்பவம் நடந்த பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்.

மென்பொருளை மாற்றும் நாளுக்கும் இதே கவனம் வேண்டும். இங்கிலாந்தின் மிகப் பெரிய கன்டெய்னர் துறைமுகமான ஃபெலிக்ஸ்டோ, 2018 ஜூனில் தன் டெர்மினல் மென்பொருளை மாற்றியது. மாதக்கணக்கில் தடுமாறியது, கப்பல்கள் வேறு துறைமுகம் தேடின, லாரிகள் நுழையும் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டிவந்தது. பணமும் ஆளும் இருந்த இடத்திலேயே இந்தக் கதி. பழையதையும் புதியதையும் சில வாரம் சேர்த்து ஓட்டுவதற்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்கப் பார்ப்பது எந்த ஊரிலும் வீண் சிக்கனம்தான்.

சின்னக் கம்பெனிகளின் நிலை

டெர்மினல்களுக்குப் பன்னாட்டு மென்பொருள். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் சிறிய யார்டுகள், டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்கள், கிளியரிங் ஏஜென்டுகள் பலருக்கும் எழுதித் தருவது உள்ளூர்ச் சின்ன மென்பொருள் நிறுவனங்கள். பெரிய இடம் தன் செய்தியின் வடிவத்தை ஒரு வெள்ளிக்கிழமை மாலை மாற்றினால், சனிக்கிழமை காலை அடி வாங்குவது இவர்கள். சோதித்துப் பார்க்க ஓர் ஒத்திகைத் தளமும், மாற்றத்துக்கு ஒரு மாத முன்னறிவிப்பும் கேட்டால் அது சலுகை மாதிரிப் பார்க்கப்படுகிறது.

பணமும் அப்படித்தான். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ன் சட்டமே சொல்கிறது. தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரியில் கழிக்க முடியாது என்று பிறகு வருமான வரிச் சட்டமும் ஒரு முடிச்சுப் போட்டது. தொழில்நுட்பம் பேசும் கூட்டத்தில் இதைப் பேசினால் அற்ப விஷயம் போலத் தோன்றும். மூன்று மாதம் பில் வராத நிறுவனம் உங்கள் அவசர அழைப்பை எந்த உற்சாகத்தில் எடுக்கும் என்று நினைக்கிறீர்கள்?

கணக்கில் வராத நேரம்

இனி அந்த டிரெய்லருக்கு வருவோம். டெர்மினல்கள் பெருமையாகச் சொல்லும் ஓர் அளவு, வண்டி உள்ளே வந்து வெளியே போக ஆகும் நேரம். அது வாயிலில் தொடங்கி வாயிலில் முடிகிறது. கப்பல் கம்பெனி, பெட்டியைத் திருப்பித் தரத் தாமதமானால் நாள் கணக்கில் டிடென்ஷன் கட்டணம் போடுகிறது. அதற்குத் தனிக் கடிகாரம். சுங்கத்துறைக்கு அனுமதி உத்தரவு எத்தனை மணி நேரத்தில் கிடைத்தது என்பது கணக்கு. மூன்று கடிகாரமும் துல்லியம். எர்ணாவூரிலிருந்து காசிமேடு வரை வரிசையில் ஊர்ந்த நேரம் மட்டும் இந்த மூன்றிலும் இல்லை.

அந்த நேரத்தைச் சுமப்பது டிரெய்லர் முதலாளியும் டிரைவரும். டிரைவருக்குச் சம்பளம் பெரும்பாலும் டிரிப் கணக்கு. நின்றால் பேட்டா இல்லை. முதலாளிக்கு வங்கித் தவணை நிற்காது. மேலே சொன்ன அத்தனை டிஜிட்டல் கூட்டணிகளிலும் கையெழுத்துப் போடாத ஒரே தரப்பு இவர்கள்தான். துறைமுகம் டெர்மினலோடு ஒப்பந்தம் போடுகிறது, டெர்மினல் மென்பொருள் நிறுவனத்தோடு, சுங்கத்துறை தன் நிறுவனத்தோடு, கப்பல் கம்பெனி எல்லோரோடும். ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் அபராதப் பிரிவு உண்டு. அபராதம் கைமாறுவது கையெழுத்துப் போட்டவர்களுக்குள்தான். வெளியே நின்றவர் அதில் ஒரு ரூபாய் பார்ப்பதில்லை.

இதைச் சரிசெய்யப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. சிப்பைப் படிக்கும் கருவி இருக்கிறது, ஃபாஸ்டேக் இருக்கிறது, வாயில் கேமரா இருக்கிறது. வாசலில் தொடங்கும் கடிகாரத்தை எம்.எஃப்.எல். சந்திப்புக்கும் எர்ணாவூருக்கும் நகர்த்துங்கள். அந்த நேரத்தை வாரா வாரம் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். சிஸ்டம் கோளாறால் நின்ற வண்டிக்கு, யாருடைய சிஸ்டமோ அவர் மணிக்கணக்கில் வாடகை கொடுக்கட்டும். சென்னைத் துறைமுக ஆணையமும் நான்கு டெர்மினல்களும் சுங்கத்துறையும் அடுத்த மென்பொருளுக்குக் கையெழுத்துப் போடும் முன், டிரெய்லர் உரிமையாளர் சங்கங்களையும் அந்த மேசையில் உட்கார வையுங்கள். அவர்கள் கேட்கப்போவது நாற்காலி ஒன்றும், இரவில் எடுக்கப்படும் தொலைபேசி எண் ஒன்றும்தான்.